விமானம் ஓட்டாத விமானப்படைக்காரர்

"எங்கள் பெரியப்பா ஏர்ஃபோர்ஸில் இருந்தவர்" என்று சொன்னால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பைலட்டா?" இல்லை என்றதும் கேட்டவருக்குச் சுவாரசியம் போய்விடும். எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு.

பெரியப்பா ஏர்மேன். என்ஜின் ஃபிட்டர். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. மதராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூருக்கு ஓடினார்கள். அந்த வருஷம்தான் இவர் படையில் சேர்ந்தார். பாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

1944-ல் அவர் இம்பாலில் இருந்தார். மார்ச் கடைசியில் கோஹிமா சாலையை ஜப்பானியர் மறித்துவிட்டார்கள். ஜூன் 22-ல்தான் வழி திறந்தது. அதுவரை அரிசி, மருந்து, பெட்ரோல் எல்லாமே விமானத்தில் வந்தாக வேண்டும். அங்கே அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் முதலாவது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் விமானங்களில் பறந்து வேவு பார்த்தது. மவுண்ட்பேட்டனே நேரில் வந்து அவருக்குப் பதக்கம் குத்தினார். அந்தப் பெருமை முழுக்க நியாயமானது.

ஆனால் காலையில் ஹரிக்கேன் கிளம்ப வேண்டுமானால், அதற்கு முன் யாரோ என்ஜினைப் பிரித்துப் பார்த்து மாட்டியிருக்க வேண்டும். அதன் வால்பக்கம் துணி போர்த்தியது. குண்டு பட்டுக் கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டும். பறக்குமுன் ஃபிட்டர் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "என் கையெழுத்தை நம்பி ஒருத்தன் மேலே போறான்டா. அவன் திரும்பி வர்ற சத்தம் கேட்கிற வரைக்கும் சோறு இறங்காது" என்பார். போரைப் பற்றி அவர் பேசியது அநேகமாக இவ்வளவுதான்.

ஒருமுறை ஊர் விழாவில் முன்னாள் படைவீரர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் பெரியப்பாவைக் குறிப்பிட்டேன். "வெள்ளைக்காரன் சம்பளத்துக்குப் போனவர்தானே" என்றார் ஒரு பெரியவர். ஆமாம், சம்பளத்துக்குத்தான் போனார். என் அப்பா படித்தது அந்த மணியார்டரில்தான். அப்படிப் போன இந்தியர்கள் சுமார் 25 லட்சம் பேர்.

அதே இம்பாலை நோக்கித்தான் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் வந்தது. அந்த ராணுவத்தில் சேர்ந்த மலேயாத் தமிழர்கள் ஏராளம். அவர்களை மதிப்பதற்காக இவர்களை மறக்க வேண்டுமா? இரண்டு பக்கமும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒருவர் தேசத்தை நினைத்துப் போனார். ஒருவர் வீட்டை நினைத்துப் போனார். வீட்டை நினைத்ததில் என்ன குற்றம்?

போரில் இறந்தவர்களுக்குச் சென்னை நந்தம்பாக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அழகாகப் பராமரிக்கிறார்கள். பெரியப்பாவைப் போல உயிரோடு திரும்பி, ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு காலம் தள்ளியவர்களுக்கு எந்தக் கல்லும் கிடையாது. குடும்பத்தார் ஞாபகம் ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். அதுவும் நம் தலைமுறையோடு சரி. பேரன்களுக்கு அவர் முகம்கூடத் தெரியாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கிப் பாருங்கள். ஆறு முனை நட்சத்திரம் ஒன்று கிடைத்தால், பித்தளை என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பர்மா ஸ்டாராக இருக்கலாம். போட்டோ இருந்தால் பின்புறம் பெயர், உறவு, அவர் பார்த்த வேலை மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். ஃபிட்டர் என்றால் ஃபிட்டர் என்றே எழுதுங்கள்.