அவலாஞ்சி ‘அவல’ ஆன கதை

என் ஊர் அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நாடே உச்சரித்த பெயர் அது. ஆனால் நான் வாங்கிய ஒரு சான்றிதழில் ஊரின் பெயர் ‘அவல’ என்றும், அதன்பின் ஒரு கேள்விக்குறியுமாக நின்றது! அதைத் திருத்த என் அம்மா கேரட் தோட்ட வேலையை விட்டு இரு நாள் உதகைக்கு அலைந்தார். இரு நாள் கூலி போயிற்று.

தவறு எங்கே? ஆய்வகத்தில் நானே செய்து பார்த்தேன். சி மொழியில் ஒரு சொல்லை அச்சிட 10 என்று எல்லை வகுத்தால், அது எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. ஆங்கிலத்தில் எங்கள் ஊருக்கு ஒன்பதே எழுத்து; ஒன்பதே பைட்; அடங்கிவிடும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆகவே மூன்று குறிகளும், நான்காவதின் உடைந்த துண்டும் வந்தன.

பைத்தான் மொழி குறிகளை எண்ணுகிறது. அதுவும் போதாது. நமக்கு அவலாஞ்சி ஐந்தெழுத்து. யூனிகோடில் எட்டுக் குறி. காலும் புள்ளியும் கொக்கியும் தனித்தனி. 247 எழுத்துகளில் 216-க்கு இவ்விதம் இரு குறிகள் வேண்டும். மூன்று என்று வெட்டினால் ‘லா’ காலிழந்து ‘ல’ ஆகிறது.

சுருக்குவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. செல்வத்தின் மகன் ‘செ.’ என்றுதானே தலைப்பெழுத்து இடுகிறான்? ‘ச.’ என்று இடுவானா? கணினியிடம் ஒன்று என்று எல்லை கொடுத்தால் ‘ச’ என்கிறது. சரவணன் மகனும் செல்வம் மகனும் ஒன்றாகிவிடுகிறார்கள்!

எழுத்துக்கு ஓர் இடம் தரும் டேஸ்-16 முறையை யூனிகோடுடன் தமிழக அரசு 2010-இல் ஏற்றது. எனினும் உலகம் புழங்குவது யூனிகோடிலேயே. எனவே பொறுப்பு நிரல் எழுதுவோருடையது. முதலில் எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். பிறகே வெட்ட வேண்டும். ஓபன்-தமிழ் நூலகம் அவ்வாறு பிரித்துத் தருகிறது. பட்டியலில் வெட்டினால், வெட்டியதைக் காட்ட மூன்று புள்ளி இடுக. சான்றிதழிலோ வெட்டவே கூடாது. கட்டத்தை விரிப்பதே முறை.

நண்பர்களே, நாளை நாம்தான் அலுவலகங்களுக்கு நிரல் எழுதப் போகிறோம். அன்று ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டுச் சோதித்து முடிக்காதீர்கள். உங்கள் ஊரின் பெயரையும் ஒருமுறை தமிழில் இட்டுப் பாருங்கள். ஒரு தாயின் இரு நாள் கூலி மிஞ்சும்.

— மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவி