உடைக்காமல் உள்ளே பார்த்தல்

எலும்பு முறிந்தால் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கிறார். அணு உலையில் எரிந்த எரிபொருள் கோலுக்கு நோய் வந்தால் என் செய்வது? யுரேனியம் போன்ற கனமான உலோகங்களில் எக்ஸ்ரே எளிதில் புகாது. போதாக்குறைக்கு, அந்தக் கோலே வீசும் காமாக் கதிர்கள் படச்சுருளைக் கருக்கி விடும்.

இங்கேதான் 1932-ல் சாட்விக் கண்டுபிடித்த நியூட்ரான் கைகொடுக்கிறது. மின்னேற்றம் இல்லாத இத்துகள் ஈயத்தைக்கூடச் சுலபமாகக் கடந்து செல்லும். தண்ணீரும் மெழுகுமோ அதை மறித்து விடும்!

கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய 'காமினி' 30 கிலோவாட் திறனுள்ள சின்னஞ்சிறு உலை. தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம் 233 அதன் எரிபொருள். அங்கேயே 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையின் எரிபொருள் கோல்களை இதன் நியூட்ரான் கற்றையில் வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள்.

காமாவை ஏமாற்ற ஒரு யுக்தி உண்டு. கோலுக்குப் பின்னால் படச்சுருளுக்குப் பதிலாக டிஸ்ப்ரோசியத் தகட்டை வைப்பார்கள். காமாக் கதிர் அதை ஒன்றும் செய்யாது. நியூட்ரான் பட்ட இடம் மட்டும் கதிர்வீசத் தொடங்கும். பிறகு அத்தகட்டை அப்பால் கொண்டுபோய்ப் படச்சுருளோடு ஒட்டி வைத்தால் உருவம் பதிந்து விடும். வில்லைகள் வெடித்தனவா, இடம் பெயர்ந்தனவா என்பது அதில் தெரியும்.

இது வெறும் வேடிக்கையன்று. கோலின் உறை பிளந்தால், உள்ளிருக்கும் கதிரியக்கப் பொருள் குளிர்விக்கும் சோடியத்தில் கலந்து விடும். ஆகவே, புதுவகை உலைகளைப் பற்றி, "பயப்பட வேண்டாம்" என்று சொல்பவர்களிடம், "உள்ளே பார்த்தீர்களா? படம் எங்கே?" என்று கேட்பது நமது உரிமை, கடமையுங்கூட.