கடைத்தெருவுக்கும் கணக்கெடுப்பு வேண்டும்

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022-இல் அரசு ஆணையிட்டது. திருவள்ளூருக்கும் புதுநகர் வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் நிலப் பயன்பாட்டு வரைபடங்களோ குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மொத்தமாகப் பிரித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒரு தெருவில் யார், எப்போது, எதற்காகக் கடைக்கு வருகிறார்கள் என்பது அவற்றில் தெரியாது.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் தெருக்களின் வியாபாரம் அமாவாசையை நம்பியது. குளத்தில் கரைக்க வெல்லம், காணிக்கைக்கு உப்பும் மிளகும் அன்று குவியல் குவியலாக விற்கும். மறுநாளே தெரு காற்றாடும்.

கும்மிடிப்பூண்டியின் கதை வேறு. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் ஷிப்ட் மாறும் நேரமே அங்கே வியாபார நேரம். ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் தங்கும் சந்துகளில் மளிகைக் கடைக்காரர் கடுகெண்ணெயைச் சின்ன பாட்டிலில் வைத்திருப்பார்; பக்கத்திலேயே ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, ரீசார்ஜ் கடை, சலூன். மாதக் கடைசியில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவரும் அந்த மளிகைக்காரர்தான். ரேஷனும் வங்கிக் கடனும் எளிதில் எட்டாதவர்களுக்கு அந்த நோட்டுதான் பிடிமானம். சாலை விரிவாக்கத்தில் அந்தக் கடை போனால், நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கட்டப்படும் வணிக வளாகம் அதற்கு ஈடாகாது.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்கச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால், சந்தில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஜப்பானில் கடைத்தெருக்களின் சங்கங்களுக்கென்றே 1962-இல் சட்டம் வந்தது. அங்கே, வாடிக்கையாளர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார் என்பதை வைத்துக் கடைத்தெருக்களை நான்கு வகையாகப் பிரித்து, அரசே அவ்வப்போது ஆய்வு நடத்துகிறது. நமக்குத் தொலைவு மட்டும் போதாது. நேரமும் கடனும் சேர வேண்டும்.

இப்படியொரு கணக்கெடுப்புக்குப் பெரிய செலவில்லை. தொழில் உரிமப் பதிவேடும் சொத்துவரிக் கணக்கும் உள்ளாட்சிகளிடம் இருக்கின்றன. அவற்றோடு தெருவில் இறங்கிக் கேட்க ஆள் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அந்த வேலையைச் சம்பள வாரத்தில் ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை, இரவு ஷிப்ட் விடும் நேரத்திலும் செய்ய வேண்டும். திருவள்ளூரில் அமாவாசையன்றும் அதற்கு அடுத்த வாரமும். திட்ட வரைவு இறுதியாவதற்கு முன்பே இது முடிந்தாக வேண்டும்.