எல்லாத்தையும் ஸ்டோர்ல கொட்டாதீங்க சாமிகளா!

ரியாக்ட் கற்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகாதவனிடம் "முதல்ல ரிடக்ஸ் போடு" என்று உபதேசம் செய்கிற ஆசாமிகளுக்கு இந்தப் பதிவு சமர்ப்பணம். திட்ட நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும்.

ரிடக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடைத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கூடைச் சின்னத்தில் ஓர் எண், நடுவில் பொருட்கள், வேறொரு பக்கத்தில் பில். மூன்றுக்கும் ஒரே தகவல்தான் வேண்டும். அதை மேலிருந்து படிப்படியாகக் கைமாற்றினால், நடுவில் இருக்கிற காம்பொனென்ட்டெல்லாம் பொதி சுமக்கிற கழுதைதான். இந்தத் தொல்லைக்குத்தான் 2014-ல் ஃபேஸ்புக் ஃப்ளக்ஸ் என்ற வழியைக் காட்டியது. 2015-ல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் ரிடக்ஸைக் கொண்டு வந்தார்கள். நல்ல கருவி, சந்தேகமே இல்லை.

ஆனால் நம்மாட்கள் செய்வது என்ன? மெனு திறந்திருக்கிறதா, தேடல் பெட்டியில் என்ன எழுத்து விழுந்தது, எல்லாமே ஸ்டோருக்குள்! வீட்டுக்குள் தண்ணீர் குடிக்க ஊர்க் கிணற்றுக்கா போவார்கள்? ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்டோர் மாறும். மாறியதும், இணைந்திருக்கிற எல்லா காம்பொனென்ட்டின் செலக்டரும் மறுபடி ஓடும்.

அதிலும் ஒரு கூத்து. யூஸ்செலக்டர் பழைய விடையும் புதிய விடையும் அதே பொருள்தானா என்று மட்டும்தான் பார்க்கும். நீங்கள் உள்ளே புதிதாக ஒரு ஆப்ஜெக்ட் கட்டித் திருப்பினால், உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் அதற்கு அது வேறுதான். ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் வீணாக ரெண்டர். தேவையான மதிப்பை மட்டும் தனித்தனியாக எடுங்கள், தீர்ந்தது.

"அப்ப காண்டெக்ஸ்ட் போதுமே" என்பவர்களுக்கு: 2018-ல் வந்த புது காண்டெக்ஸ்டில் மதிப்பு மாறினால், அதைப் படிக்கிற அத்தனை காம்பொனென்ட்டும் ரெண்டர் ஆகும். ஒரு துண்டை மட்டும் எடுக்கிற வசதி இல்லை. மொழி, நிறம் போல எப்போதாவது மாறுவதற்கு அது சரி.

"நாளைக்குத் தேவைப்படுமே" என்பார்கள். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதை ஸ்டோருக்கு நகர்த்துவது சின்ன வேலை. ஸ்டோரில் இருப்பதை வெளியே எடுப்பதுதான் பாடு, யார் யார் அதில் தொங்குகிறார்கள் என்றே தெரியாது. இதெல்லாம் என் கண்டுபிடிப்பும் அல்ல. உங்களுக்கு ரிடக்ஸ் தேவைப்படாமலே போகலாம் என்று அப்ரமோவே 2016-ல் எழுதிவிட்டார்!

இதற்கு விலை கொடுப்பது யார்? மலிவு போனில் தட்டிவிட்டு எழுத்து வரக் காத்திருப்பவர் ஒருவர். இன்னொருவன் நம்மைப் போன்ற மாணவன். 2019-ல் ரிடக்ஸ் டூல்கிட் வந்து வேலையைச் சுருக்கிய பிறகும், பழைய பாடத்தையே வைத்துக்கொண்டு, ஓர் எண்ணை ஒன்று கூட்ட நாலு கோப்பு எழுத வைக்கிறார்கள். அவனும் "நமக்கு மண்டையில ஏறலை போல" என்று ஒதுங்கிவிடுகிறான். தப்பு அவன் மண்டையில் இல்லை ஐயா!

கணக்கு ரொம்ப எளிது. தகவல் ஒருவருக்கு மட்டும் வேண்டுமா, அவரிடமே இருக்கட்டும். அண்ணன் தம்பி இருவருக்கு வேண்டுமா, அம்மாவிடம் கொடுங்கள். ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்களுக்கு வேண்டுமா, அடிக்கடி மாறுமா? அப்போது தாராளமாக ஸ்டோர் வையுங்கள், நானே வந்து கும்பிடுகிறேன்.