பரீட்சையில் தோற்ற வண்டி

பள்ளிக்கூடப் பரீட்சையில் பிள்ளை தோற்றுவிட்டால் வீட்டில் இரண்டு விதமான பேச்சு நடப்பது வழக்கம். "வாத்தியார் பொல்லாதவர்" என்பது ஒன்று. "எந்தப் பாடத்தில் மார்க் குறைந்தது?" என்பது மற்றொன்று. முதற் பேச்சினால் மனத்துக்கு ஆறுதல் உண்டாகலாம். பிள்ளைக்குப் பிரயோஜனம் இல்லை. மோட்டார் வண்டி பரீட்சையில் தோற்றாலும் இதே கதைதான். "இன்ஸ்பெக்டர் பொல்லாதவர்" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். எந்த இடத்தில் பழுது என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் சிலரே.

இந்தப் பரீட்சை எல்லா வண்டிக்கும் வருஷந்தோறும் வருவதன்று. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக் கார், சரக்கு வான், லாரி, பஸ் முதலியவற்றின் விஷயம் வேறு. புதிதாக வாங்கினால் முதல் 2 ஆண்டுக்குக் கவலையில்லை. அப்பால் 8 வயது வரையில் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 8 வயது கடந்த பின்னர் வருஷத்துக்கு ஒரு முறையும் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். டிரைவர்களின் பாஷையில் இதற்கு "எப்.ஸி. எடுப்பது" என்று பெயர். மனிதர்களைப் போலவே வண்டிகளும் வயது ஏற ஏற வைத்தியரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது.

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை அடுத்த கடற்கரையில் பட்டினச்சேரி என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. மாசி மகத் தீர்த்தவாரிக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எழுந்தருளும்போது, "எங்கள் வீட்டு மாப்பிள்ளை" என்று உரிமை கொண்டாடி வரவேற்கும் கரை அது. இப்படிப்பட்ட கரைகளிலிருந்து மீனை உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டு செல்பவை, ஜனங்கள் "குட்டி யானை" என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டிகள். இந்தக் குட்டி யானைகளுக்கு உள்நாட்டு வண்டிகளுக்கு இல்லாத ஒரு வியாதி உண்டு. அதுதான் துரு.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. மீன் பெட்டியிலுள்ள ஐஸ் உருகி, உப்பு நீராக வழிந்து, தளத்தின் இடுக்குகளில் இறங்குகிறது. அந்த நீர் தங்கிய இடத்தில் இரும்பு வெகு விரைவில் அரிக்கப்படுகிறது. மேலே பெயிண்ட் பளபளக்கும். அடியில் சாஸிச் சட்டம் அப்பளம்போல் நொறுங்கக் காத்திருக்கும். பிரேக் எண்ணெய் செல்லும் மெல்லிய இரும்புக் குழாயும் அங்கேதான் ஓடுகிறது. அந்தக் குழாயில் ஊசி முனையளவு துளை விழுந்துவிட்டால், டிரைவர் எவ்வளவு பலமாக மிதித்தாலும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

ஆகையால் வண்டி தோற்றுவிட்டது என்றால் முதற் காரியம், தோற்றதற்குக் காரணம் என்னவென்று எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது. விளக்கு, ஒளி திருப்பும் வில்லை, பின்புறம் பார்க்கும் கண்ணாடி, ஹாரன், மழை துடைப்பான், வேகமானி, புகை, பிரேக், ஸ்டியரிங் என்று சோதனைக்குரிய அம்சங்களை மத்திய மோட்டார் வாகன விதிகளே வரிசைப்படுத்திக் கூறுகின்றன. "வண்டி சரியில்லை" என்ற வாய் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனால், மெக்கானிக் தமக்குத் தெரிந்ததை ரிப்பேர் செய்வார். தேவையானது அப்படியே நிற்கும்.

இரண்டாவது, குறைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பல்பு, துடைப்பான், ஒளி திருப்பும் பட்டை ஆகியவை அன்று மாலைக்குள் தீர்ந்துவிடும். டயர் அடுத்த வகை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரைச் சட்டம் ஏற்றுக்கொள்வதில்லை. இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. டயரின் பள்ளங்களுக்குள்ளே ஆங்காங்கு சிறு ரப்பர் மேடுகள் வைத்திருக்கிறார்கள். தேய்ந்த மேற்பரப்பு அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

மூன்றாவது வகைதான் முக்கியம்: பிரேக், ஸ்டியரிங், சாஸி. இங்கே சிக்கனம் கூடாது. அரித்த குழாயை ஒட்டுப் போடாமல் மாற்ற வேண்டும். துருப்பிடித்த தகட்டின்மேல் புதுத் தகட்டை வைத்து மூடாமல், நல்ல இரும்பு தெரியும் வரையில் வெட்டி எடுத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும். இந்த வேலைகள் முடியும் வரையில் சரக்கோ ஆளோ ஏற்றக் கூடாது.

வேலை முடிந்ததும் பில்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மறுபடி சோதனைக்குப் போகலாம். தோற்ற வண்டி ஒரேயடியாகத் தள்ளுபடியாகிவிடுவதில்லை. இயந்திரங்களைக் கொண்டு சோதிக்கும் நிலையங்களுக்காக 2021-ல் வகுத்த விதிகளிலும் மறுசோதனைக்கு இடம் இருக்கிறது. அதிகாரியின் உத்தரவு நியாயமன்று என்று மெய்யாகவே தோன்றினால், அது கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ள 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் உரிமை அளிக்கிறது. ரிப்பேர்ச் செலவு வண்டியின் விலையையே விழுங்கிவிடும்போலிருந்தால், பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிக்கொள்வதே விவேகம். அந்தச் சான்றைக் காட்டிப் புது வண்டியின் வரியில் சலுகை கேட்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு நேர்வழி இருக்கும்போது குறுக்கு வழிக்கும் குறைவில்லை. சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவது, மறுநாள் கழற்றித் திருப்பிக் கொடுப்பது. துருவின் மேல் கறுப்புப் பெயிண்ட் பூசுவது. "கவனித்துக்கொள்ள வேண்டியவரைக் கவனித்துக்கொள்வது". இப்படிப் பெற்ற சான்று சாலையில் போலீஸ்காரரை ஏமாற்றும், சாலையை ஏமாற்றாது.

தோற்க வேண்டிய வண்டி ஜயித்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2012 ஜூலை 25-ந் தேதி சென்னையை அடுத்த தாம்பரத்தின் அருகில், பள்ளிக்கூட பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் அகப்பட்டு உயிர் நீத்தாள். அந்த பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று இருந்தது. சென்னை ஹைகோர்ட் தானாகவே அந்த விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. அதே வருஷத்தில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் தமிழ்நாட்டில் ஏற்பட்டன. சோதித்தபோது ஒருவர் அந்தத் தளத்தைக் குனிந்து பார்த்து, "இந்த வண்டி தேறாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உரிமையாளருக்குச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவு ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

சான்றே இல்லாமல் ஓட்டுவது இன்னும் மோசம். தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டியைச் சட்டம் பதிவே இல்லாத வண்டியாகப் பாவிக்கிறது. முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய்க்குக் குறையாது. 5,000 வரை போகலாம். மறுபடியும் அகப்பட்டால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு வருஷம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்துவிட்டால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி இதையே காரணம் காட்டித் தகராறு செய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பிற தேசங்களில் எப்படி? 1954 வரையில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் பிரதேசத்தில், பிரான்ஸில் உறவினர் இல்லாத தெரு அபூர்வம். அந்த உறவினரைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே சொந்தக் காரும் 4 வயதானதும் 2 ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். பெரிய குறை கண்டால் சரிசெய்து திரும்பிக் காட்ட 2 மாதத் தவணை. குறை மிக அபாயகரமானதாக இருந்தால் அன்று நள்ளிரவுக்குப் பிறகு வண்டி சாலையில் ஓடக் கூடாது. 2018 முதல் இப்படிக் கண்டிப்பு. "தோற்றது" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எவ்வளவு அபாயமோ அவ்வளவு அவசரம் என்று வகுத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தப் புத்தியைக் கற்க நாம் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. பட்டினச்சேரிக் கரை வரை போனால் போதும். வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, பழுதைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். பழுது அகப்பட்டால் எந்த மீனவரும் வெட்கப்படுவதில்லை. கரையிலேயே அகப்பட்டதே என்று சந்தோஷப்படுகிறார். அந்தக் கண்ணோடு வண்டியையும் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது, தளத்திலுள்ள வடிதுளைகளை அடைக்காமல் வைத்திருப்பது, மாதம் ஒரு முறை சட்டத்தைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது — இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.

வண்டி வைத்திராத நேயர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குழந்தை ஏறிச் செல்லும் வானின் தகுதிச் சான்று எந்தத் தேதி வரையில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய சர்க்காரின் எம்பரிவாஹன் என்னும் செல்பேசிச் செயலியில் வண்டி நம்பரைக் கொடுத்தும் பார்க்கலாம். ஒரு நாள் காலையில் வான்காரர், "பிரேக் வேலை நடக்கிறது, இன்றைக்கு வண்டி வராது" என்று சொல்லியனுப்பினால் அவர்மீது கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்று ஒரு நாள் குழந்தையைச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதனால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.