பொம்மிடி இளைஞர்களே, நோன்புக்கு முன் விரலை நீட்டுங்கள்!

தோழர்களே, ரமலான் நெருங்கிவிட்டது. பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பது, கஞ்சிக்கு வசூல் செய்வது எல்லாம் தானாக நடக்கும். நடக்காத வேலை ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் கூப்பிடுகிறேன். நம் ஜமாஅத்தில் யார் யாருக்குச் சர்க்கரை என்று நமக்குத் தெரியுமா? இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. பொம்மிடி அதற்கு வெளியே இல்லை.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். மஃரிப் பாங்கு கேட்டதும் என்ன செய்கிறோம்? நேற்றைய எண்ணெயில் பொரித்த சமோசா, வடை, கலர் சர்பத், தராவீஹ் முடிந்து பிரியாணி. பகலெல்லாம் அடக்கிய வயிற்றை இரவில் அவிழ்த்துவிடுகிறோம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கும் பைக்கில் போகிறோம். தொழப் போகிற ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு என்று படித்ததும் நாம்தான்!

சர்க்கரை உள்ளவர்கள் நோன்பு வைப்பதில் இருக்கும் ஆபத்து, இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னும் அதிகம். சஹருக்கு எழுந்து, மருத்துவரைக் கேட்காமல் தானே அளவை மாற்றிக்கொள்ளும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை. நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பது ஈமான் குறைவு என்று பேசுகிறவரை அங்கேயே நிறுத்துங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்பதை ஹஜ்ரத் வாயாலேயே ஜும்ஆவில் சொல்ல வையுங்கள். நாம் நூறு தடவை சொன்னாலும் வாப்பாக்கள் கேட்க மாட்டார்கள்.

கஞ்சிக்கு வருகிறேன். 2001 முதல் அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது, நல்லது. ஆனால் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் 2023-இல் முதலில் வந்த இரண்டு மாவட்டங்களில் நம் தர்மபுரியும் ஒன்று. நம் மண்ணில் விளைகிற தானியம், நம் கஞ்சி அண்டாவுக்கு மட்டும் ஆகாதா? வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகும் பயறும் போட்டுக் காய்ச்சிப் பார்ப்போம். அதுவும் சர்க்கரையை ஏற்றும்தான், ஒரு குவளையோடு நிறுத்த வேண்டும். வீட்டில் பொரித்துப் பொரித்து அடுப்படியிலேயே அஸரைத் தொழும் நம் பெண்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, குளுக்கோமீட்டர், ரத்த அழுத்தக் கருவி. மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரையும் அழைப்போம். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவோம். 40 வயதைத் தாண்டிய ஒருவரும் விடுபடக் கூடாது. முத்தவல்லியிடம் யார் பேசுவது, மேசையை யார் கொண்டுவருவது என்பதை இன்று இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து முடிவு செய்வோம். நடந்தே வாருங்கள்.