மாடியில் மர டெக்: பலகை ஓகே… அடிச்சட்டம் தாங்குமா?

ஓசூரில் மொட்டைமாடியிலோ ஃபார்ம் ஹவுஸிலோ மர டெக் போடுபவர்கள் முதலில் பார்ப்பது மேல் பலகையின் நிறத்தைத்தான். ஆனால் மேலே நிற்பவர்களின் எடையைக் கடைசியில் சுமப்பது, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் சட்டங்கள். அதற்கு ‘ஃபிங்கர் ஜாயின்ட்’ மரம் போடலாமா? என்ன பசை என்று பில்லில் எழுதித் தராவிட்டால், வேண்டவே வேண்டாம்.

அது என்ன ஃபிங்கர் ஜாயின்ட்?

துண்டு மரங்களின் முனைகளைச் சீப்புப் பல் மாதிரி வெட்டி, பசை தடவி, ஒன்றுக்குள் ஒன்றை அழுத்திச் சேர்ப்பது. கணுக்களை நீக்கிவிடலாம், குட்டைத் துண்டும் வீணாகாது. டெக்னிக்கில் குறையில்லை. எடை தாங்கும் ஃபிங்கர் ஜாயின்ட் மரத்துக்கென்றே ஐரோப்பாவில் ‘இஎன் 15497’ என்ற தரநிலை இருக்கிறது.

அப்புறம் என்ன சிக்கல்?

பசைதான். ஃபர்னிச்சருக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசை வீட்டுக்குள் போதும். வெயிலில் காய்ந்து மழையில் ஊறும் இடத்தில் தளர்ந்துவிடும். வெளியே ஃபீனால் ரிசார்சினால் போன்ற பசை தேவை. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஃபிங்கர் ஜாயின்ட் பலகையாக அதிகம் விற்கும் ரப்பர் மரம் சீக்கிரமே உளுத்துப்போகும்.

‘ஹெச்டி’ முத்திரையை நம்பலாமா?

தொழிற்சாலைகளுக்கு வரும் பேக்கிங் பைன் மரத்தில் இந்த முத்திரை இருக்கும். ஐஎஸ்பிஎம் 15 விதிப்படி, மரத்தின் மையம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடுபடுத்தியதற்கான அடையாளம் அது. பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமல் தடுக்கத்தான். மழையைத் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

‘விலை கம்மியா இருக்கே’ என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு சட்டம் பிளந்தால் மேல் பலகையைக் கழற்றித்தான் மாற்றணும். அது மாடி விளிம்பைத் தாண்டி நீளும் டெக் என்றால், செலவு மட்டுமல்ல, உயிரே பிரச்சினை.

என்ன கேட்கணும்?

மரத்தின் பெயர், பசையின் வகை, ஐஎஸ் 401 படி மருந்தேற்றியதா என்ற மூன்றும் பில்லில் இருக்கணும். இது என்ன மரம் என்று சந்தேகமா? பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரிசோதிக்கலாம். பதில் கிடைக்காவிட்டால், மருந்தேற்றிய ஒரே துண்டு மரம் அல்லது ஜிஐ குழாய் போதும்.

கிச்சன் பிளைவுட் வாங்கும்போது ‘பிடபிள்யூபியா, எம்ஆரா?’ என்று விசாரிக்கிறோம். குடும்பமே ஏறி நிற்கும் சட்டத்துக்கும் அதே கேள்வியைக் கேட்பதில் என்ன தயக்கம்?